முழங்கால் எவ்வளவு மடங்குகிறது? கைப்பேசியால் அளப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

கேள்வி இது: பைக் விபத்தில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. பிசியோதெரபி நிலையம் தொலைவில் இருப்பதால் வாரம் ஒருமுறைதான் போக முடிகிறது. இடைப்பட்ட நாள்களில் கைப்பேசிச் செயலி ஒன்றால் கால் மடங்கும் கோணத்தை அளக்கிறேன். காலையில் 98 டிகிரி, மாலையில் 107, மனைவி அளந்தால் 112. எதை நம்புவது? செயலியே தவறா?

செயலி தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்த மூன்று எண்களும் ஒரே முழங்காலில் ஒரே நாளில் வரக்கூடியவைதான். அளந்த நேரம், கைப்பேசியை வைத்த இடம், காலை மடக்கியது யார் என்ற மூன்றும் மாறினால் எண் மாறத்தான் செய்யும். நான் பிசியோதெரபி துறையில் இருப்பவள். வீட்டிலேயே அளந்து குறித்து வருபவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் கொண்டுவரும் தாளைப் பார்த்தாலே அந்த வாரம் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்த எண்கள் எனக்குப் பயன்பட வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக எடுத்தவையாக இருக்க வேண்டும். விலை உயர்ந்த செயலியைத் தேடுவதைவிட இதில்தான் கவனம் தேவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் மடக்குவதைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் நான் முதலில் கேட்பது, கால் முழுதாக நீள்கிறதா என்பதைத்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கைப்பேசி எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குள் முடுக்கமானி என்ற சிறு உணரி இருக்கிறது. 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே அது இருந்தது. இன்று விலை குறைந்த கைப்பேசிகளிலும் இருக்கிறது. புவியீர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை அது உணர்கிறது. கொத்தனார் சுவரோரம் தொங்கவிடும் தூக்குக்குண்டு செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஆகவே கைப்பேசி சொல்வது, தான் வைக்கப்பட்ட பரப்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மட்டுமே. மூட்டு என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. மூட்டின் கோணம் இரண்டு எலும்புகளுக்கு இடையே இருப்பது. எனவே இரண்டு எலும்பின் சாய்வையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு எலும்பைக் கட்டிலிலோ தரையிலோ அசையாமல் நிறுத்திவிட்டு மற்றதை அளக்க வேண்டும். தொடை எங்கே இருந்தது என்று பார்க்காமல் கணைக்காலில் மட்டும் கைப்பேசியை வைத்து 'முழங்கால் கோணம்' என்று எழுதுபவர்கள் பலர். அந்த எண்ணில் இடுப்பின் அசைவும் சேர்ந்திருக்கும்.

இனி உங்கள் முழங்காலுக்கு வருவோம். மெத்தையில் அளக்காதீர்கள், உடல் புதையப் புதையச் சாய்வு மாறும். தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தால் தரையில் உராயாமல் வழுக்கும். குதிகாலை மெல்லப் பிட்டத்தை நோக்கி இழுத்து, அதற்குமேல் வராத இடத்தில் நிறுத்துங்கள். இப்போது தொடை ஒரு பக்கமும் கணைக்கால் மறுபக்கமும் சாய்ந்து, கூரை போல நிற்கும். தொடையின் மேற்புறத்தில் கைப்பேசியை நீளவாக்கில் வைத்து, கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி என்று பாருங்கள். பிறகு கணைக்காலில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் முழங்கால் மடங்கிய கோணம் கிடைக்கும். தொடை 51, கணைக்கால் 54 என்றால் 105. இதற்குத் தனிச் செயலிகூடத் தேவையில்லை. ஐபோனில் 'மெஷர்' செயலிக்குள் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் மட்டம் பார்க்கும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. கைப்பேசியை அதன் நீள விளிம்பில் நிறுத்திப் படியுங்கள். பின்புறம் கேமரா புடைத்திருப்பதால், மல்லாக்க வைத்தால் அதுவே சில டிகிரி சாய்வைக் கொடுக்கும்.

கணைக்காலில் வைப்பது எளிது. முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு எலும்பு மேடு கையில் தட்டுப்படும். அதற்குக் கீழே, முன்புறம் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது, சதை கிடையாது. அங்கே வைத்தால் எலும்பின் சாய்வே கிடைக்கும். தொல்லை தருவது தொடை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடையின் முன்தசை மெலிந்திருக்கும், முழங்காலுக்குச் சற்று மேலே வீக்கம் இருக்கும். கைப்பேசியோ சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு பலகை. அதை வீக்கத்தின் மேல் வைத்தால் ஒரு எண், நான்கு விரற்கடை மேலே வைத்தால் வேறு எண். உங்கள் மனைவிக்கு 112 வந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இதற்கு நான் சொல்லும் வழி: ஒரு அடி ஸ்கேலைத் தொடையின் மேல் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் கைப்பேசியை நிறுத்துங்கள். நீளமான ஸ்கேல் சிறு மேடு பள்ளங்களைத் தாண்டி உட்காரும். ஸ்கேலின் இரண்டு முனைகள் தொடும் இடத்திலும், கணைக்காலில் கைப்பேசி தொடும் இடத்திலும் அழியாத மையால் சிறு கோடு போட்டுவிடுங்கள். குளித்து அழிந்தால் திரும்பப் போடுங்கள். இந்தக் கோடுகள் இருந்தால் நீங்கள் அளந்தாலும் மனைவி அளந்தாலும் எண் நெருங்கி வரும்.

மனைவி அளக்கும்போது காலைப் பிடித்துச் சற்று அழுத்திவிடுகிறாரா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் அது வேறு அளவு. உங்கள் தசையின் பலத்தால் மட்டும் நீங்களே மடக்குவது ஒன்று. கையாலோ துண்டாலோ பிறர் உதவியாலோ மடக்குவது மற்றொன்று. இரண்டையும் ஒரே வரிசையில் எழுதக் கூடாது. தனித்தனிப் பத்தியில் எழுதினால் மிகவும் உதவும். உதவியோடு நன்றாக மடங்கி, தானாக மடங்கவில்லையென்றால் தசையின் பலவீனத்தையோ வலிக்குப் பயப்படுவதையோ பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மூட்டுக்குள் நீர், மூட்டைச் சுற்றி இறுகிய உறை, தழும்புத் திசு என்று யோசிக்க வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

காலையில் 98, மாலையில் 107 என்பதில் வியப்பே இல்லை. இரவு முழுதும் அசையாதிருந்த மூட்டு காலையில் இறுகியிருக்கும். நடந்து, பயிற்சி செய்தபின் இளகும். காலை எண்ணை முந்தைய மாலை எண்ணோடு ஒப்பிட்டு 'குறைந்துவிட்டது' என்று கவலைப்படுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். காலையைக் காலையோடு ஒப்பிடுங்கள். பயிற்சிக்கு முன் என்றால் எப்போதும் பயிற்சிக்கு முன்பே அளங்கள். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். தினமும் அளக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் போதும். அனுபவமுள்ளவர்கள் கோணமானியால் அளந்தாலே ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் 5 டிகிரி வரை வேறுபடுவது இயல்பு என்றுதான் எங்கள் துறையில் கணக்கில் எடுக்கிறோம். ஆகவே 104இலிருந்து 107 ஆனால் அது முன்னேற்றம் இல்லை. 107இலிருந்து 104 ஆனால் பின்னடைவும் இல்லை. மூன்று நான்கு அளவுகள் தொடர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் மட்டும் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செயலியாக இருந்தாலும் முதல் நாளே சோதிக்க வேண்டியவை இரண்டு. நேராக நீட்டிய காலை அது எவ்வளவு என்று காட்டுகிறது? மருத்துவத்தில் நேரான முழங்காலை 0 என்று கொள்கிறோம். சில செயலிகள் உட்கோணத்தை எடுத்து 180 என்று காட்டும். அவற்றில் 75 என்று வந்தால் நமக்கு அது 105. மருத்துவரிடம் 75 என்று சொல்லிவிட்டால் அவர் பதறிப்போவார். அடுத்தது, கைப்பேசியைச் சமதளத்தில் நீள விளிம்பில் நிறுத்தி ஒரு முறை பார்த்து, முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுமுறை பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உறையைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள்.

இப்போது நீட்டுவது பற்றி. ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மடக்குவது மெதுவாக வந்தாலும் பெரும்பாலும் வந்துவிடும். முழுதாக நீளாமல் நின்றுவிட்ட முழங்கால் அப்படியில்லை. மறு காலோடு ஒப்பிட 3 முதல் 5 டிகிரி குறைந்தாலே நடை கோணும், தொடையின் முன்தசை பலம் பெறாது, சில்லைச் சுற்றி வலி வரும். தசைநாருக்கு முன்னால் தழும்புத் திசு உருண்டையாகத் திரண்டு, கதவிடுக்கில் துணி சிக்கியது போல நீட்டவிடாமல் தடுப்பதும் உண்டு. அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. சிக்கல் என்னவென்றால், நாம் பிடிக்க வேண்டிய குறைவே 3 முதல் 5 டிகிரி. கைப்பேசி அளவில் வரும் பிழையும் ஏறக்குறைய அவ்வளவு. எனவே இந்த ஒன்றுக்குக் கைப்பேசியை நம்ப வேண்டாம் என்பேன். சாதாரண ஸ்கேலே போதும். கட்டிலில் குப்புறப் படுத்து, முழங்கால் சில்லு கட்டிலின் விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கும்படி இரண்டு கால்களையும் தொங்கவிடுங்கள். தொடைகள் கட்டிலில் சமமாக இருக்க வேண்டும். ஓரிரு நிமிடம் தளர்ந்து கிடந்தபின் இரண்டு குதிகால்களின் உயரத்தையும் மனைவி பார்க்கட்டும். அடிபட்ட கால் உயர்ந்து நின்றால் அந்த வித்தியாசத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். பெரியவர்களுக்கு 1 சென்டிமீட்டர் என்பது 1 டிகிரிக்குச் சற்று மேல். கைப்பேசியால் பிரித்துக் காட்ட முடியாத வித்தியாசம் இதில் கண்ணுக்கே தெரியும்.

கூடவே, மல்லாந்து படுத்துக் காலை நேராக வைத்தபடி தூக்கிப் பாருங்கள். படுக்கையில் நேராக இருந்த முழங்கால் தூக்கும்போது மடங்கித் தொய்ந்தால் தொடைத்தசை இன்னும் விழிக்கவில்லை என்று பொருள். அதையும் குறித்துக்கொண்டு உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

எத்தனை டிகிரி வந்தால் போதும் என்று அடுத்துக் கேட்பீர்கள். சமதரையில் நடக்கும்போது முழங்கால் 60 முதல் 70 டிகிரி வரை மடங்குகிறது. படி ஏறி இறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 டிகிரியோ அதற்குச் சற்று மேலோ வேண்டும். சம்மணமிட்டு உட்கார, இந்திய முறைக் கழிப்பறையில் குந்த, தொழுகையில் மண்டியிட்டு அமர 130 டிகிரிக்கு மேல் தேவைப்படும். நாற்காலியில் வாழும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதிய மறுவாழ்வு அட்டவணைகள் 120 டிகிரியைக் கண்டதும் நிறைவடைந்துவிடுகின்றன. தரையில் உட்கார்ந்து சாப்பிடும், வயலில் குந்தி வேலை செய்யும் ஒருவருக்கு அது பாதி வழிதான். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை உங்கள் வேலையையும் வீட்டையும் சொல்லி மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். எப்போது குந்தலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். கோணம் கிடைத்துவிட்டது என்பதற்காக எடையோடு ஆழமாக மடக்க அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது.

வேறு மூட்டுகளில் காயமுள்ளவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசிக்கு மிகவும் பொருத்தமான மூட்டு கணுக்கால்தான். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரைத் தொடும்வரை முன்னே கொண்டுபோக வேண்டும். பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னுக்கு நகர்த்தி, குதிகால் எழாமல் தொட முடிகிற கடைசி இடத்தில் நின்று கணைக்காலின் சாய்வை அளந்தால் போதும். பாதம் தரையில் நிலையாக இருப்பதால் ஒரே அளவில் வேலை முடிந்துவிடும். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் எடுத்தாலும் சரி. 1 சென்டிமீட்டர் சுமார் மூன்றரை டிகிரிக்குச் சமம். சுளுக்கிய காலையும் நல்ல காலையும் ஒப்பிடுங்கள்.

தோள் அவ்வளவு எளிதில்லை. தோள் இறுக்கம் நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகமாக வருகிறது. அதில் பெரும்பாலும் முதலில் குறைவதும் அதிகம் குறைவதும் கையை வெளிப்புறமாகத் திருப்பும் அசைவு. ஆனால் எல்லோரும் அளப்பது கையை மேலே தூக்குவதை! நின்றுகொண்டு தூக்கினால் முதுகு வளைந்து, தோள்பட்டை ஏறி, மூட்டில் இல்லாத கோணத்தையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடும். படுத்துக்கொண்டு தூக்குங்கள். வெளிப்புறம் திருப்புவதை நின்றபடி அளக்க முயன்றால் கைப்பேசியின் சாய்வு மாறவே மாறாது, ஏனென்றால் கை தரைக்கு இணையாகச் சுழல்கிறது. புவியீர்ப்புக்கு அதில் வித்தியாசமே தெரியாது. அப்போது செயலி திசைகாட்டும் காந்த உணரியை நாடும். இரும்புக் கட்டில், பீரோ, காந்தம் வைத்த கைப்பேசி உறை எல்லாம் அதைக் குழப்பிவிடும். மல்லாந்து படுத்து, முழங்கையை உடலோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையைக் கூரையை நோக்கி நிறுத்திவிட்டு வெளிப்பக்கம் சாய்த்தால் அதே அசைவு புவியீர்ப்புக்கு உட்பட்டதாகிவிடும். கழுத்தைத் திருப்பும் அளவுக்கும் இதே உபாயம்தான்: படுத்து, நெற்றியில் கைப்பேசி.

விரல்களுக்குக் கைப்பேசி உதவாது. விரல் நுனிக்கும் உள்ளங்கைக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சென்டிமீட்டரில் எழுதுவதே நல்ல வழி.

முழங்கை பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல விரும்புகிறேன். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 டிகிரி வரையிலான அசைவு போதுமானது. அடிபட்ட முழங்கையில் எண்ணை ஏற்ற வேண்டும் என்று எண்ணெய் தேய்த்து வலுவாக உருவிவிடுவதும் பிடித்து இழுப்பதும் நம் ஊரில் இன்றும் நடக்கிறது, குழந்தைகளுக்கும் நடக்கிறது. காயம்பட்ட தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு நிலையாக முடங்கிப்போக அதுவே காரணமாகலாம். வாராவாரம் அளந்து, எண் போதவில்லை என்று குழந்தையின் கையை யாரும் வலுக்கட்டாயமாக மடக்க வேண்டாம்.

கேமராவில் படம் எடுத்துக் கோணம் சொல்லும் செயலிகள் இப்போது நிறைய வருகின்றன. கூகுளின் மீடியாபைப் போன்ற மென்பொருள்கள் உடலில் 33 புள்ளிகளை அடையாளம் கண்டு கோடு இழுக்கின்றன. பயிற்சியை எத்தனை முறை செய்தோம், உடல் கோணுகிறதா என்று பார்க்க அவை நன்றாக உதவும். ஆனால் வேட்டிக்கோ நைட்டிக்கோ உள்ளே இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது என்று மென்பொருள் ஊகிக்கத்தான் செய்கிறது. கேமரா சற்றுச் சாய்ந்தாலும், கால் வெளிப்பக்கம் உருண்டாலும் கோணம் மாறிவிடும். அதைப் பயன்படுத்துவதானால் அரைக்கால் சட்டை அணிந்து, கைப்பேசியை முழங்கால் உயரத்தில், உடலுக்குச் சரியாகப் பக்கவாட்டில், இரண்டு மீட்டர் தள்ளி ஸ்டூலில் நிறுத்துங்கள். படங்களை எங்கே அனுப்புகிறது, எங்கே சேமிக்கிறது என்று அனுமதி கேட்கும் பக்கத்தைப் படித்துவிட்டுச் சம்மதியுங்கள். பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

அளப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு ஏசிஎல்லோடு முழங்கால் சவ்வையும் (மெனிஸ்கஸ்) தைத்திருக்கிறார்களா? அப்படியானால் முதல் சில வாரங்கள் 90 டிகிரிக்கு மேல் மடக்க வேண்டாம் என்று பல அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதியிருக்கும். அங்கே ஒரு எல்லை குறிப்பிட்டிருந்தால் அதைத் தாண்டி 'எவ்வளவு வருகிறது பார்ப்போம்' என்று சோதிக்கவே கூடாது. தோள் தசைநாரைத் தைத்தவர்கள், விரல் தசைநாரைத் தைத்தவர்கள், எலும்பு இன்னும் கூடாதவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

உங்கள் தாளில் ஒவ்வொரு முறையும் இவை இருக்கட்டும்: தேதி, நேரம், தானாக மடங்கியது, உதவியோடு மடங்கியது, குதிகால் உயர வித்தியாசம், சில்லின் நடுவில் முழங்காலின் சுற்றளவு, பத்துக்கு எத்தனை வலி. சுற்றளவு கூடும் நாளில் கோணம் குறைந்தால் காரணம் நீர் என்று தெரிந்துவிடும். அன்று பயிற்சியைக் கூட்டாமல் ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் கொடுத்தால் போதும். வாரம் ஒருமுறை பிசியோதெரபிஸ்டைப் பார்க்கும்போது அவரையே ஒருமுறை கோணமானியால் அளக்கச் சொல்லி, அதே இடத்தில் உங்கள் கைப்பேசியாலும் அளந்து பாருங்கள். எப்போதும் ஆறு டிகிரி கூடுதலாகக் காட்டினால்கூடப் பரவாயில்லை, அந்த ஆறு மாறாமல் இருக்கும்வரை.

குதிகால் உயர வித்தியாசம் இரண்டு வாரமாக அசையாமல் நின்றாலோ, தானாகவும் உதவியோடும் 90ஐத் தாண்டாமல் இருந்தாலோ, இதுவரை வந்த கோணம் பத்து டிகிரிக்கு மேல் குறைந்து இரண்டு மூன்று அளவுகளிலும் அப்படியே நின்றாலோ, அடுத்த வாரச் சந்திப்புவரை காத்திருக்காமல் அறுவை மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, முழங்கால் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ அளப்பதையெல்லாம் விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.